தமயந்தி திருப்பூர் போன பிறகு

அந்தப் பையை இப்படிக் குடு தாயி, மடியில வச்சுக்கிறேன். கீழ வச்சா போற வர்றவன் எல்லாம் மிதிச்சுட்டுப் போவான். உள்ள ஊறுகாய் இருக்கு. எனக்கில்ல. திருப்பூர்ல ஒரு மகராசி உக்காந்திருக்கா, அவளுக்கு. என் கொழுந்தன் பொண்டாட்டி, ஓர்ப்படியா. பேரு தமயந்தி. பேரைக் கேட்டா என்னமோ ராசா வீட்டுப் பொண்ணுன்னு நெனைப்ப. வாயைத் தொறந்தா தெரியும்.

நீயும் திருப்பூர்தானா? வேலை பாக்குறியா? அப்ப கடைசி வரைக்கும் கூட வருவ. நல்லதாப் போச்சு. எனக்குப் பஸ்ல பேசாம வந்தா தலை சுத்தும்.

அவளைப் பாக்கணும்னு ஆசைப்பட்டு நான் போகல, அதை மொதல்ல சொல்லிட்டேன். ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரணும். ரெண்டு வார்த்தை கேக்க அருப்புக்கோட்டையில இருந்து மதுரை வந்து, மதுரையில இருந்து திருப்பூருக்கு இன்னொரு பஸ் பிடிக்கணுமான்னு நீ நெனைப்ப. போன்லயே கேக்கலாம்தான். எடுத்தாத்தானே கேக்க? அடிச்சு அடிச்சு என் விரலு தேஞ்சுபோச்சு.

எங்களுக்கு மாவு மில்லு இருக்கு. எங்க வீட்டுக்காரரும் கொழுந்தன் காளிராஜும் சேந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. வீடும் ஒண்ணுதான். எங்க மாமனாரு கண்ணை மூடுறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு செவுரு எழுப்பி, இந்தப் பக்கம் மூத்தவனுக்கு, அந்தப் பக்கம் இளையவனுக்குன்னு பிரிச்சு விட்டாரு. செவுரு எழுப்புன மனுசன் கொழாயைப் பிரிச்சாரா? இல்ல. தண்ணிக் கொழாய் ஒண்ணு. கொல்லை ஒண்ணு. துணி காயப்போடுற கொடி ஒண்ணு. அடுப்படி ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு நிக்குது. நான் இங்க தாளிச்சா அவ அங்க தும்முவா. தும்மிட்டு சும்மா இருப்பாளா? "எண்ணெய் காயாமக் கடுகைப் போட்டா இப்படித்தான்"னு செவுத்தைப் பாத்துச் சொல்லுவா. என்கிட்ட சொல்ல மாட்டா. செவுத்துக்கிட்ட சொல்லுவா. நானும் செவுத்துக்கிட்டயே பதில் சொல்லுவேன்.

அவ கல்யாணமாகி வந்த மறுநாளே ஆரம்பிச்சது இது. காப்பி போட்டுக் கொண்டாந்து குடுத்தா. ஒரு வாய் குடிச்சுட்டு, "சீனி தூக்கலா இருக்கே தமயந்தி"ன்னேன். நான் என்ன தப்பாவா சொன்னேன்? அவ சொல்றா, "உங்க பேச்சு கசக்குதேன்னுதான்க்கா தூக்கலாப் போட்டேன்"னு. புதுப்பொண்ணு! இன்னும் மஞ்சக் கயிறு ஈரம் காயல!

அன்னைக்கு ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. ஒரு நாள் விடல. நான் கொழாயடிக்குப் போனா அப்பத்தான் அவளுக்கும் பாத்திரம் கழுவணும். நான் ஒரு கலர்ல சேலை எடுத்தா அடுத்த மாசம் அதே கலர் அவ உடம்புல இருக்கும். நான் மிக்சி மாத்தினா அவ மாத்துவா. என் மக வினோதினி பொறந்தப்ப இவ எனக்குப் புள்ள பெத்த மருந்து, காயம் இடிச்சுக் குடுத்தா. அதுலயும் திப்பிலியைக் கூடப் போட்டுட்டா. தொண்டை எரிஞ்சு கெடந்தேன். கேட்டா, "புள்ளைக்கு சளி பிடிக்காதுல்ல"ங்கிறா. பிடிக்கலதான். அது வேற விசயம்.

எங்க வீட்டுக்காரருகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "ஒண்ணு அவங்க போகணும், இல்ல நம்ம போகணும்"னு. அவரு வாயே தொறக்க மாட்டாரு. மில்லு சத்தத்துல இருந்து இருந்து காதும் மந்தம், வாயும் மந்தம். நான் சாமிகிட்டயும் சொல்லிப் பாத்தேன். சாமி கேட்டுருச்சு.

அவ மகன் தினகருக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீசுல வேலை கெடைச்சுது. கல்யாணம் பண்ணினான். பொண்டாட்டியும் வேலைக்குப் போறா. "நீங்க ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க"ன்னு அப்பன் ஆத்தாளைக் கூப்பிட்டான். காளிராஜுக்கும் அங்க ஒரு குடோன்ல கணக்கெழுதுற வேலை. கெளம்பிட்டாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கல. லாரியில சாமான் ஏத்துறப்ப நான் வாசல்ல நின்னு பாத்தேன். அவ வந்து, "வர்றேன்க்கா"ன்னா. நான், "நல்லபடியாப் போ. கொழாயை இறுக்கி மூடினியா?"ன்னு கேட்டேன். ஒரு பதில் சொல்லணுமா இல்லையா? சொல்லல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டே போய் லாரியில முன்னாடி ஏறி உக்காந்துட்டா. வாசல்ல அம்புட்டு தூசி அன்னைக்கு. ஆனா பதில் சொல்ல வாய்க்கு என்ன? திமிரு.

ஜன்னலைக் கொஞ்சம் தொற தாயி. வெக்கையா இருக்கு.

மொத ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. கொல்லை முழுக்கக் கழுவி விட்டேன். கேசரி கிண்டினேன். கொடி மொத்தமும் எனக்கே. காயப்போடத்தான் துணி இல்ல. மக கல்யாணமாகி ஓசூரு போயிட்டா. இவருக்கு ஒரு வேட்டி, சட்டை. எனக்கு ஒரு சேலை. அம்புட்டு நீளக் கொடியில ஓரத்துல மூணு துணி தொங்கும். பாத்தா எனக்கு எரிச்சலா வரும். ஏன்னு தெரியாது, எரிச்சலா வரும்.

அதுக்கப்புறம்தான் இந்த நோவு வந்துச்சு.

எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லிரலாம். இது அப்படியில்ல. காலையில கண்ணு முழிச்சா, ஐயோ விடிஞ்சுருச்சேன்னு இருக்கும். நெஞ்சு மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சாப்ல. எந்திரிச்சுப் பல்லு விளக்கணும்னு நெனைப்பேன். நெனைச்சுக்கிட்டே படுத்திருப்பேன். தலைக்குத் தண்ணி ஊத்துறதுன்னா மலையேறுற மாதிரி. சோத்தை வாயில வச்சா மண்ணு. விடிய விடியத் தூக்கம் இல்ல, பகலெல்லாம் படுக்கை. அழுகை வந்தாலாவது அழுது தீத்துரலாம். அதுவும் வராது. அடுப்படியில போய் நிப்பேன். யாருக்காக இதை வதக்கணும்னு தோணும். வதக்கினா யாரு தும்மப் போறா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இவரு நம்ம ஊரு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனாரு. ரத்தம் எடுத்தாங்க. நெஞ்சுல வயரை ஒட்டிப் பாத்தாங்க. வயித்துல ஸ்கேன் எடுத்தாங்க. எல்லாம் பாத்துட்டு, "ஒண்ணுமில்லம்மா, நீங்க நல்லா இருக்கீங்க"ங்கிறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு! இன்னொரு டாக்டரு. அங்கயும் ஒண்ணுமில்ல. ஒரு லேடி டாக்டரு, "தீட்டு நிக்கிற வயசு, இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்"னுச்சு. ஒண்ணுமில்லைன்னா நான் எதுக்கு இப்படிக் கெடக்கேன்? சும்மா கெடக்குறதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா? எதிர் வீட்டுப் பொம்பளைக்குச் சுகரு. தெருவுல போறவங்கல்லாம் நின்னு விசாரிச்சுட்டுப் போறாங்க, எம்புட்டு இருக்கு, என்ன சாப்புடுறன்னு. எனக்கு என்னன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஒண்ணுமில்லைன்னா? ஒண்ணுமில்லாத நோவுக்கு எவன் நின்னு விசாரிப்பான்?

மந்திரிச்சுக் கயிறு கட்டினாரு இவரு. அதுவும் கையில கெடந்து அழுக்காச்சு.

என் மக போன்ல மூஞ்சி காட்டிப் பேசுவா. "அம்மா, காலையில எந்திரிச்சு வாக்கிங் போ. உனக்குப் பிடிச்சதைச் செய்யி. நல்லதையே நெனை"ங்கிறா. எந்திரிக்க முடிஞ்சா நான் எதுக்குடி உன்கிட்டப் பொலம்புறேன்? பிடிச்சது என்னன்னு யோசிச்சும் பாத்தேன் தாயி. உக்காந்து யோசிச்சேன். ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. அது எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு.

இவராவது ஒரு சத்தம் போட்டாரா? சோறு ஆக்கலைன்னா ஆக்கல. பேசாமப் போய்ப் புரோட்டா கட்டி வாங்கிட்டு வந்து வச்சுட்டு, நீ சாப்புடுன்னு சொல்லிட்டு உக்காந்திருப்பாரு. ஏண்டி இப்படிக் கெடக்குறன்னு ஒரு அதட்டு அதட்டியிருந்தா எந்திரிச்சிருப்பேனோ என்னமோ. வீட்ல ஒரு சத்தம் இல்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்கு.

அப்புறம் ஒரு மத்தியானம். இதை எங்க வீட்டுக்காரரு ரொம்பப் பெருசாக்கிட்டாரு, அதான் உன்கிட்டச் சொல்றேன், நீயே சொல்லு. பால் அடுப்புல இருந்துச்சு. நான் கீழ செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். பொங்கி வழிஞ்சு தீ அணைஞ்சுபோச்சு. கேஸு நாத்தம் அடிக்குது. எந்திரிச்சு மூடணும்னு தெரியுது. நல்லாத் தெரியுது. ஆனா கை காலு யாருதோ மாதிரி கெடக்கு. சரி, செத்த நேரம் கழிச்சு மூடுவோம்னு உக்காந்திருந்தேன். வேற ஒண்ணும் நெனைக்கல. சத்தியமா வேற ஒண்ணும் நெனைக்கல. ஒண்ணே ஒண்ணு நெனைச்சேன். அவ இருந்திருந்தா இந்நேரம் செவுத்தை இடிச்சிருப்பா, "கேஸு நாறுது, அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க"ன்னு. அது மட்டும்தான்.

மில்லுல கரண்டு போயிருச்சுன்னு இவரு சீக்கிரமா வந்துட்டாரு. ஓடி வந்து மூடி, கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து, என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுக் கொல்லைக்கு வந்தாரு. வந்தவரு அப்படியே துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்து அழுகுறாரு. கல்யாணமான நாள்ல இருந்து நான் பாத்ததில்ல. அவங்கம்மா செத்தப்பக்கூட அந்த மனுசன் அழல. "அதான் மூடியாச்சுல்ல, எதுக்கு அழுகுறீங்க?"ன்னு நான் கேக்குறேன். துண்டால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுகுறாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஒரு பால் பொங்கினதுக்கு இந்த அழுகையா?

மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. நரம்பு டாக்டருன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு. வந்து பாத்தா போர்டுல மனநலம்னு எழுதியிருக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "என்னைப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டீங்களா?"ன்னு வாசல்லயே நின்னுக்கிட்டேன். "நீ உள்ள வா பூரணம், ஒரு தடவை வா, எனக்காக வா"ன்னு கெஞ்சுறாரு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டே எத்தனையோ வருசமாச்சு. சரி, தொலையுதுன்னு போனேன்.

உள்ள டாக்டருன்னு பாத்தா ஒரு சின்னப் பொம்பளப் புள்ள. உன்னைவிட ரெண்டு வயசு கூட இருக்கலாம். அதுக்கு என்ன தெரியப் போகுதுன்னு உக்காந்தேன். நாக்கை நீட்டச் சொல்லல, கையைப் பிடிக்கல. "வீட்ல நீங்க யார்கூட நெறையப் பேசுவீங்கம்மா?"ன்னு கேட்டுச்சு. "யாருமில்ல. ஒருத்தி இருந்தா, அவகூட சண்டைதான்"னேன். "என்ன சண்டை?"ன்னுச்சு. கேட்டா சொல்லணுமில்லையா? கொழாயில ஆரம்பிச்சேன். காப்பி, காயம், சேலைன்னு சொல்லிட்டே போறேன். வெளிய உக்காந்திருந்தவங்க கதவைத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் புள்ள, "இருக்கட்டும், நீங்க சொல்லுங்க"ன்னுச்சு. அப்பப்ப சிரிக்கவும் செஞ்சுச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அவங்க போனது உங்களுக்குக் கஷ்டமா இருக்காம்மா?"ன்னு கேட்டுச்சு.

கஷ்டமா! எனக்கா! படிப்பு இருக்கு, வெவரம் பத்தல. நான் இம்புட்டு நேரம் என்ன சொல்லிட்டிருந்தேன்? சனியன் விட்டுச்சுன்னு கேசரி கிண்டினவகிட்டப் போய்க் கேக்குது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் புள்ள ஒண்ணுமில்லைன்னு சொல்லல. "இருக்கும்மா. உங்களுக்கு நோவு இருக்கு. இதுக்கு மனச்சோர்வுன்னு பேரு. நீங்க நடிக்கல, இது சோம்பேறித்தனமும் இல்ல. சுகரு, பிரசர் மாதிரி இதுவும் வரும், வைத்தியம் பண்ணினா தேறும்"னுச்சு. எனக்கு அப்ப அழுகை வந்துச்சு பாரு. அத்தனை மாசமா வராத அழுகை. மேசை மேல இருந்த பேப்பரு முழுக்கக் காலி பண்ணிட்டேன். நோவு இருக்குன்னு சொன்னதுக்கு எவளாவது அப்படி அழுவாளா? நான் அழுதேன்.

மாத்திரை குடுத்துச்சு. சத்து மாத்திரையாத்தான் இருக்கும். மொதல்ல வாயெல்லாம் வறண்டு போச்சு, ஒரே தூக்கமா வந்துச்சு. நிறுத்திரலாம்னு பாத்தேன். இவரு விடல. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் தம்ளர்ல தண்ணியோட வந்து நிப்பாரு, நான் முழுங்குற வரைக்கும் நகர மாட்டாரு. சரி, அந்த டாக்டரம்மா மனசும் நோகக் கூடாதேன்னு போட்டுக்கிட்டு வர்றேன். மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டும் வர்றேன். அது கேக்குது, நான் சொல்றேன். இன்னும் தமயந்தி கதையே முடியல.

அன்னைக்கு என்னை வெளிய உக்கார வச்சுட்டு இவருகிட்டத் தனியா என்னமோ பேசுச்சு. என்ன பேசுச்சுன்னு கேட்டா, "மாத்திரையைப் பத்தித்தான்"ங்கிறாரு. அந்த வாரமே, காலையில ஒரு பதினோரு மணி இருக்கும், போன் அடிக்குது. பாத்தா தமயந்தி! போன நாள்ல இருந்து ஒரு போன் பண்ணாதவ. நானும்தான் பண்ணல, ஆனா போனவதானே பண்ணணும்?

"என்னக்கா, நான் இல்லாம நிம்மதியா இருப்பீங்கன்னு பாத்தா, படுத்தே கெடக்குறீங்களாமே?"ங்கிறா.

"நான் படுப்பேன், எந்திரிப்பேன். உனக்கென்னடி?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இன்னைக்கு என்ன கொழம்பு?"

"வைக்கல."

"வைக்கலையா, வைக்கத் தெரியலையா? கத்தரிக்காய்க் கொழம்புக்குப் புளி எம்புட்டுன்னு இன்னைக்கு வரைக்கும் உங்களுக்குப் பிடிபடலையே. மாமா பாவம்."

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். போனை வச்சுட்டு நேரா எந்திரிச்சுப் போய்க் கத்தரிக்காயை நறுக்கினேன். கொழம்பைக் கொதிக்க விட்டு, இவரு போன்ல போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பச் சொன்னேன். "எண்ணெயே மெதக்கல"ன்னு பதில் போடுறா! அன்னைக்கு எனக்குப் பசிச்சுச்சு தாயி. ஆத்திரத்துல பசிச்சிருக்கும்.

அதுல இருந்து தெனமும் பண்ணுவா. வேலை வெட்டி இல்லாதவ. என்ன கொழம்பு, தொட்டுக்க என்ன வெஞ்சனம். வைக்கலைன்னு சொன்னா அன்னைக்குப் பூரா கேலி பேசுவாளேன்னு பயந்துக்கிட்டே எதையாவது வைப்பேன். இன்னொரு நாள், "கொல்லையில என் கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா, இல்ல என் மேல இருக்கிற கோவத்துல காய விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டா. அந்தச் செடி பட்டுப்போச்சுன்னா ஊரெல்லாம் என் பேரைத்தானே சொல்லுவா? காலையில எந்திரிச்சதும் அதுக்கு ஒரு வாளி தண்ணி தூக்கிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அதிகாரத்தைப் பாத்தியா? திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு அருப்புக்கோட்டையில என்னை வேலை வாங்குறா.

உடம்பு கொஞ்சம் கொஞ்சமாத் தேறுச்சு. ஒரேயடியா இல்ல. நாலு நாள் நல்லாருக்கும், ரெண்டு நாள் பழையபடி இழுத்துப் படுக்கப் போடும். டாக்டரம்மா, "அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க"ன்னுச்சு. இப்பப் பரவாயில்ல. சோறு ருசியாத் தெரியுது. நேத்து நானே கொழாய்க்காரனைக் கூப்பிட்டு வாசரு மாத்தினேன்.

கதை இத்தோட முடிஞ்சிருந்தா நான் எதுக்கு இந்தப் பஸ்ல கெடந்து குலுங்குறேன்?

போன மாசம் அவ பேச்சுல ஏதோ சரியில்ல. கூப்பிடுவா, ஆனா குரல்ல ஒரு இது இல்ல. பருப்புக்கு நான் சீரகம் போடல, பூண்டுதான் போட்டேன்னு சொன்னேன். வேணும்னே சொன்னேன், சண்டைக்கு வரட்டும்னு. அவ என்ன சொல்லணும்? "அது பருப்பா, கசாயமா?"ன்னு கேக்கணும். கேக்கல. "நீங்க சொன்னா சரிதான்க்கா"ங்கிறா.

சரியா! நான் சொன்னது சரியா! வந்த நாள்ல இருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைச் சரின்னு சொன்னவ இல்ல. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. மறுநாளு, "என்னடி, மதிப்புக் குடுக்கக் கத்துக்கிட்டியா?"ன்னு சீண்டிப் பாத்தேன். "ம்"ங்கிறா. அதுக்கப்புறம் போனே இல்ல. நான் அடிச்சாலும் எடுக்கல.

காளிராஜுக்கு அடிச்சேன். இழுத்து இழுத்துப் பேசுறான். "மதினி, அவ ஒரு மாதிரியா இருக்கா. படுத்தே கெடக்கா. வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா. குளிக்கச் சொன்னாக்கூட அப்புறம்ங்கிறா. மகனும் மருமகளும் காலையில போனா ராத்திரிதான் வர்றாங்க. நானும் குடோனுக்குப் போயிர்றேன். மாடி வீடு மதினி. அக்கம் பக்கம் பூராம் இந்திக்காரங்க. யார்கிட்டயும் பேசவும் முடியல, சண்டை போடவும் முடியல."

"டாக்டருகிட்டக் காட்டினியா?"ன்னேன்.

"காட்டினேன் மதினி. எல்லாம் எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

எனக்கு வந்த கோவம் இருக்கே! "எவன்டா சொன்னான் ஒண்ணுமில்லைன்னு? ஒண்ணுமில்லாமயா அவ என்னைச் சரின்னு சொன்னா? கூறுகெட்டவனே, அடுப்படியில அவளைத் தனியா விடாத. நாளைக்கு லீவு போடு. நான் வர்றேன்"ன்னு சொல்லிட்டேன். அவன், "நீங்களா? தனியாவா?"ங்கிறான். இவரும் அதையேதான் கேட்டாரு. ஏன், எனக்குப் பஸ் ஏறத் தெரியாதா? நோவுல விழுந்ததுல இருந்து நான் தெருமுனையைத் தாண்டித் தனியாப் போனதில்லதான். போகணும்னு தோணல, அதனால போகல. இன்னைக்குத் தோணுச்சு, போறேன்.

பாத்தியா, எல்லாத்துலயும் என்னைப் பாத்துக் காப்பியடிப்பா. சேலை, மிக்சி எல்லாம் போய், இப்ப என் நோவையும் எடுத்துக்கிட்டா. இதைத்தான் கேக்கப் போறேன். ஏண்டி, இந்த ஒண்ணையாவது எனக்குன்னு விட்டு வைக்கக் கூடாதான்னு கேக்கப் போறேன்.

கேட்டுட்டு உடனே திரும்பிர முடியாது. அவளை மதுரைக்கு இழுத்துட்டு வரணும். அந்த டாக்டரம்மாகிட்ட உக்கார வைக்கணும். ஆஸ்பத்திரியில சொல்லி வச்சாச்சு, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. இவ உள்ள போனா என்னைப் பத்தித்தான் பேசுவா, எனக்குத் தெரியும். மணிக்கணக்கா பேசுவா. பேசட்டும். வெளிய இருக்கிறவன் எவனாவது கதவைத் தட்டட்டும், அப்ப இருக்கு அவனுக்கு. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அருப்புக்கோட்டையிலயே இருக்கட்டும். அந்தப் பக்கம் பூட்டித்தானே கெடக்கு. வெள்ளையடிக்கச் சொல்லியாச்சு இவருகிட்ட. வீடு பூட்டிக் கெடந்தா கரையான் ஏறும்ல, அதுக்காக.

ஏன் தாயி சிரிக்கிற? என்ன கேட்ட? பாசமா?

பாசமாம்! நல்லாக் கேட்ட போ. இம்புட்டு நேரம் உனக்கு நான் என்ன கதை சொன்னேன்? அந்த டாக்டரம்மாவும் நீயும் ஒண்ணு. அவளால நான் பட்ட பாடு கொஞ்சமா? சும்மாவா விடுறது? படுத்துக்கிட்டா தப்பிச்சிரலாம்னு பாக்குறாளா? எந்திரிச்சு வந்து நேருக்கு நேர் நிக்கணும் அவ. படுத்துக் கெடக்குறவகிட்ட மனுசி எப்படிச் சண்டை போடுவா?

என்ன, வேகம் கொறையுது? ஊரு வந்துருச்சா? பேசிட்டு வந்ததுல நேரம் போனதே தெரியல. தாராபுரத்துக்கிட்ட ரோடு வேலைன்னு அம்புட்டு நேரம் நிறுத்திட்டான், இல்லாட்டி அப்பவே வந்திருக்கலாம். காளிராஜு வந்து கூட்டிட்டுப் போறேன்னான். எங்க நிப்பானோ. கூட்டத்தைப் பாரு. அந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிறான் பாரு, நீலச் சட்டை. அவன்தான். கையைக் காட்டுறான்.

பக்கத்துல யாரு அது? சிமெண்டு திட்டுல உக்காந்திருக்கிறது?

ஐயையோ. அவளா அது? வாசப்படி தாண்டலைன்னானே? பாதி ஆளாப் போயிட்டாளே. சேலையைச் சுத்திக்கிட்டு வந்திருக்கா, ஜாக்கெட்டு தொளதொளன்னு தொங்குது. யாரு இவளை இங்க வரச் சொன்னது? இந்த வெயில்ல? ஏ தமயந்தி! இங்க பாருடி, ஜன்னல்ல! ஏ தமயந்தி!

பாத்துட்டா. எந்திரிக்கிறா. மெதுவா எந்திரிடி, யாரும் ஓடிப்போகல! என்னமோ சொல்றா, காதுல விழல. வண்டி சத்தத்தை நிறுத்துனாத்தானே. இந்தா, கிட்டத்துல வந்துட்டா, என்ன சொல்றான்னு நீ கேளு.

கேட்டியா? கேட்டியா தாயி? "எம்புட்டு நேரமா நிக்கிறது, பஸ்ஸை உருட்டிக்கிட்டா வந்தீங்க?"ன்னு கேக்குறா. பஸ்ஸை என்னமோ நான் ஓட்டிட்டு வந்தாப்ல! எறங்கவே இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா!

தள்ளு தாயி, சீக்கிரம் வழியை விடு. நான் எறங்கணும்.